மூட்டையில் அச்சடித்ததெல்லாம் வேதமா?

(நாய்த் தீனியைப் பற்றிக் கோவைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசப்போகும் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் சில தோழர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். "சாதியைப் பற்றிப் பேசுவார், கோயில் கொள்ளையைப் பற்றிப் பேசுவார் என்று வந்தால் நாய்த் தீனியைப் பற்றியா பேசுகிறார்!" என்றார்களாம். சிரிக்கட்டும். இன்னொரு தோழர் கொஞ்சம் கோபமாகவே, "மனிதனுக்கே வயிறு நிறையக் காணோம். நாய் எதைத் தின்றால் நமக்கென்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1924-ஆம் வருஷத்தில் வைக்கத்துக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நாய் போகலாம், பன்றி போகலாம், ஆனால் ஈழவனும் புலையனும் போகக் கூடாது என்று வைத்திருந்த நாடு இது. அப்பேர்ப்பட்ட நாட்டில் நாயின் சாப்பாட்டுக்கு ஒரு கூட்டமா என்று கேட்பவரை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால், தோழர்களே! நாம் விசாரிக்க வந்தது நாயை அல்ல. நாய்க்கு வாங்கிப் போடுகிற மனிதனின் புத்தியைத்தான் விசாரிக்க வந்திருக்கிறோம். அந்த மூட்டையில் ஏமாந்தவன் தன் குழந்தைக்குப் பால்மாவு வாங்கும்போதும் ஏமாந்தே தீருவான் என்பதற்குப் பிரத்தியட்சமான ருஜு இருக்கிறது. அதைச் சற்று நேரத்தில் சொல்லுகின்றோம்.

முன்பெல்லாம் இந்தக் கொங்குச் சீமையில் தோட்டத்து நாய்க்கென்று தனியாகச் சோறு ஆக்குவது கிடையாது. கம்மஞ்சோறு மிஞ்சினால் அது, களி மிஞ்சினால் அது, ஆடு அறுத்த நாளில் எலும்பு. பட்டியைக் காத்தது, சாளை வாசலில் படுத்துக் கொண்டது. இன்றோ காந்திபுரத்திலும் ஆர்.எஸ். புரத்திலும் மட்டுமல்ல, அன்னூர், பல்லடம், காங்கயம், பொள்ளாச்சி என்று எந்த ஊர்க் கடைத்தெருவில் பார்த்தாலும் நாய்த் தீனி மூட்டை அடுக்கியிருக்கிறது. பக்கத்திலேயே டானிக் பாட்டில், கால்சிய மாத்திரை, மயிர் பளபளக்க ஒரு எண்ணெய், மூட்டு வலிக்கு ஒரு பொடி. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குகிற தோழர்கூட அதில் ஒரு பங்கை இங்கே கொண்டு வந்து கொடுக்கிறார். பிரியமாக வளர்க்கிறார், கொடுக்கிறார். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

"ஏனுங்க, இதுல என்னங்க இருக்குது?" என்று கடைக்காரரைக் கேட்டால், "கம்பெனிச் சரக்குங்க, மூட்டையிலேயே எல்லாம் போட்டிருக்குதுங்க" என்கிறார். வாங்குகிறவரைக் கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரர் இதைத்தானுங்க போடுறார்" என்கிறார். இந்தப் பதில்களை நாம் இதற்கு முன் எங்கேயோ கேட்டிருக்கிறோமே! "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது", "பெரியவர்கள் செய்து வந்தார்கள்" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இன்னும் பாருங்கள், மந்திரத்தை ஏன் வடமொழியில் சொல்லுகிறான்? கேட்பவனுக்குப் புரியக் கூடாது என்றுதானே! மூட்டையின் முன்பக்கம் கோழியின் படம் முழ நீளத்திற்கு இருக்கிறது. உள்ளே என்ன போட்டான் என்கிற சங்கதியோ பின்பக்கத்தில், கடுகிலும் சிறிய எழுத்தில், இங்கிலீஷில் இருக்கிறது.

இந்த வியாபாரம் பிறந்த கதையே இரகசியத்தில் பிறந்த கதைதான். ஜேம்ஸ் ஸ்பிராட் என்று ஒரு அமெரிக்கர். இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போனவர். துறைமுகத்து நாய்கள் கப்பல்காரர் எறிந்த கெட்டி பிஸ்கோத்தைத் தின்பதைப் பார்த்து, 1860-ஐ ஒட்டிக் கோதுமை, பீட்ரூட், கொஞ்சம் மாமிசம் சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கோத்துச் செய்து விற்க ஆரம்பித்தார் என்று சொல்லுகிறார்கள். எந்த மாமிசம், எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவர் கடைசிவரை வெளியே விடவில்லையாம். நூற்றைம்பது வருஷத்திற்கு மேல் ஆயிற்று. இன்றும் பல மூட்டையில் "மாமிசமும் மாமிச உபபொருள்களும்" என்று மட்டுமே இருக்கிறது. எந்தப் பிராணி? பெயர் இல்லை. பசுவின் பெயரைச் சொல்லி மனிதனை அடிக்கிற பக்தர் வீட்டு நாயும் அந்த மூட்டையைத்தான் தின்கிறது. அவர் பின்பக்கத்தைப் படித்ததில்லை போலும்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உபபொருள் என்றதும் "சீ, கழிவு!" என்று முகம் சுளிக்கச் சொல்லி வேறொரு கம்பெனி விளம்பரம் செய்கிறது. ஈரல், குடல், நுரையீரல், இரத்தம் இவையெல்லாம் கழிவா? நம் வீடுகளில் குடல் குழம்பும் இரத்தப் பொரியலும் தின்று வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஈரலில் உள்ள சத்து வெறும் சதையில் கிடையாது. குடலைத் தின்பவன் தாழ்ந்தவன் என்று சொன்ன அதே புத்திதான் இப்போது நாய் மூட்டைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வி, உறுப்பு எது என்பதல்ல. பிராணி எது, நோயில்லாததா, கெடாமல் பதம் செய்தார்களா என்பதே கேள்வி.

நிற்க, மூட்டையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சேர்மானங்களை எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக எழுதுவது வழக்கம். முதலில் "கோழி" என்றிருந்தால் கோழிதான் அதிகம் என்று நினைக்கிறோம். 100 கிலோ சரக்கில் 20 கிலோ பச்சைக் கோழிக் கறி, 18 கிலோ மக்காச்சோளம், 17 கிலோ அரிசி, 15 கிலோ கோதுமை என்று ஒரு உதாரணத்திற்கு வைத்துக் கொள்ளுங்கள். வரிசையில் கோழி முதலில் வந்துவிட்டது. ஆனால் பச்சைக் கறியில் நூற்றுக்கு எழுபது பங்கு போலத் தண்ணீர். வேகவைத்து உலர்த்தினால் 20 கிலோவில் சத்து 6 கிலோ தேறும். தானியத்தில் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பங்குதான். மூன்று தானியத்தையும் கூட்டினால் 50 கிலோ! ஒரே தானியத்தையே மாவு, தவிடு, பசை என்று மூன்றாக வெட்டி எழுதினால் ஒவ்வொன்றும் பின்னால் போய்விடும். பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை, ஆனாலும் ஏமாந்தாயிற்று. வக்கீல்களுக்கு இந்த வித்தை நன்றாகப் புரியும்.

பெயரிலும் இப்படித்தான். அமெரிக்கத் தீனி அதிகாரிகள் சங்கம் வகுத்துள்ள விதியில், "கோழி நாய் உணவு" என்று சொன்னால் தண்ணீர் நீங்கலாக 95 பங்கு கோழி இருக்க வேண்டும். "கோழி சேர்ந்தது" என்றால் 3 பங்கு போதும். "கோழிச் சுவை" என்றால் சுவை தெரிந்தால் போதும். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நாய் பூனை உணவுக்கென்று ஒரு தர விதியை 2019-இல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் புத்தகத்தில் விதி இருப்பது வேறு, உங்கள் வீட்டு மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பது வேறு. வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

டப்பா உணவு வாங்குகிற நகரத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவில் புரோட்டீன் 8 பங்கு, மூட்டையில் 22 பங்கு என்று பார்த்து மூட்டைதான் கெட்டி என்று சொல்லிவிட வேண்டாம். டப்பாவில் 78 பங்கு தண்ணீர். மீதி 22-இல் 8 என்றால் நூற்றுக்கு 36 ஆகிறது. மூட்டையில் 10 பங்கு தண்ணீர் போக 90-இல் 22 என்றால் நூற்றுக்கு 24 தான். அதே சமயம் அந்த டப்பாவில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, அந்தப் புரோட்டீன் எண்ணையாவது நம்பலாமா? இங்கேதான் விஷயமே இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். புரோட்டீனை யாரும் நேரே எடை போட்டு எழுதுவதில்லை. 1883-இல் டென்மார்க்கில் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் கெல்டால் என்ற இரசாயனி ஒரு முறை கண்டுபிடித்தார. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரோட்டீன் என்று கொள்வது. சுலபமான முறை, நல்ல முறையுங்கூட. ஆனால் அந்த முறைக்குக் கண் கிடையாது. நைட்ரஜன் கறியிலிருந்து வந்ததா, கோழி இறகிலிருந்து வந்ததா, வேறு எதிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

மெலமைன் என்று ஒரு பொருள். பிளாஸ்டிக் தட்டுச் செய்ய உதவுவது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 100 கிராம் மெலமைனைப் பரீட்சை செய்தால் 416 கிராம் புரோட்டீன் என்று கணக்கு வரும்! நூறு கிராமுக்குள் நானூறு கிராம்! நம் புராணத்து அட்சய பாத்திரம் இதற்கு முன் என்ன செய்யும்? சீனாவில் சில வியாபாரிகள் மலிவான கோதுமைச் சரக்கில் இதைக் கலந்து கோதுமைப் பசை என்று ஏற்றுமதி செய்தார்கள். 2007 மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற கனடாக் கம்பெனி 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்ப வாங்க வேண்டி வந்தது. ஒரே இடத்தில் செய்த சரக்கு, பல விலையில் பல பெயரில் விற்றது என்பது அப்போதுதான் ஜனங்களுக்குத் தெரிந்தது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகத்தில் கல் கட்டியது. ஆயிரக்கணக்கில் நோய், அநேகம் செத்தன.

"நாய்தானே" என்று உலகம் இருந்துவிட்டது. மறு வருஷம், 2008-இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் இருந்தது. தண்ணீர் ஊற்றிய பாலைக் கெட்டியான பாலாகக் காட்டுவதற்கு அதே பரீட்சையை அதே விதமாக ஏமாற்றினார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் இறந்ததாகச் சீன சர்க்காரே ஒப்புக் கொண்டது. "நாய் எதைத் தின்றால் நமக்கென்ன?" என்று கேட்ட தோழருக்கு நாம் சொல்லுகின்ற பதில் இதுதான்.

"அது சீனாக்காரன் காரியம்" என்று சொல்ல வேண்டாம். நம் நாட்டுச் சங்கதி ஒன்று இருக்கிறது. 1974-ஆம் வருஷக் கடைசியில் குஜராத்தில் பஞ்சமகால் ஜில்லாவிலும் இராஜஸ்தானத்தில் பன்ஸ்வாரா ஜில்லாவிலும் ஏழை ஆதிவாசிகள் கூட்டங் கூட்டமாக மஞ்சள் காமாலை கண்டு, வயிறு வீங்கிச் செத்தார்கள். அறுவடைக் காலத்தில் மழை, நனைந்த மக்காச்சோளம், காயவைக்க வழியில்லை, அதில் பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்தின் விஷத்திற்கு அஃப்லடாக்சின் என்று பெயர். ஈரலைத் தின்னும் விஷம். 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தார்கள். அதே சோற்றைத் தின்ற அவர்கள் வீட்டு நாய்களும் அதே நோயில் செத்தன. இது அம்மன் கோபமுமல்ல, ஊர்த் தோஷமுமல்ல, சோளத்தில் இருந்த விஷம் என்பதை விஞ்ஞானிகள் சோதித்துச் சொன்னார்கள்.

இந்த விஷம் கண்டுபிடிக்கப்பட்டதே தீனியால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆராய்ந்ததில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்தது. கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் நமக்குப் புதிதா? பல்லடத்துக் கோழிப் பண்ணைக்காரருக்கும் நாமக்கல் முட்டைக்காரருக்கும் இந்த விஷத்தின் பெயர் மனப்பாடம். கோழி செத்தால் நஷ்டம் என்பதால் அவர்கள் மூட்டையைச் சோதிக்கிறார்கள். நாய் செத்தால் அழுகையோடு சரி, ஆகையால் யாரும் கேட்பதில்லை. சூடு காட்டினால் போய்விடும் என்று நினைக்கவும் வேண்டாம். தீனிச் சாலையின் சூட்டில் அது முழுக்க அழிவதில்லை. அமெரிக்காவிலேயே 2020 கடைசியிலும் 2021 துவக்கத்திலும் மக்காச்சோளம் சேர்ந்த தீனியில் இந்த விஷம் இருந்து 100-க்கு மேற்பட்ட நாய்கள் செத்ததாகத் தகவல் வெளியாயிற்று.

இதில் நம் ஊர் வழக்கம் ஒன்று பெரிய ஆபத்து. மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். மலிவு என்று வாங்குகிறோம். மூட்டை போனால் தேதி போயிற்று, சேர்மானம் போயிற்று, கம்பெனியின் பெயரும் போயிற்று. ஐப்பசி மழை ஈரத்தில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் பூஞ்சணம் வராமல் பூவா வரும்?

இனி டானிக் சங்கதிக்கு வருவோம். ஈரலுக்கு, எலும்புக்கு, மயிருக்கு என்று கடையில் அடுக்கியிருக்கும் பாட்டில்களில் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள். "தீனிச் சேர்க்கை, மருந்தாக உபயோகிப்பதற்கு அல்ல" என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கும். கடைக்காரர் "கைகண்ட மருந்துங்க" என்கிறார். பாட்டிலோ "நான் மருந்தல்ல" என்கிறது! மருந்து என்று எழுதினால் மருந்துச் சட்டம் வந்து "குணமாகும் என்பதற்கு ருஜு எங்கே?" என்று கேட்கும். தீனி என்று எழுதிவிட்டால் கேள்வி இல்லை. வாயால் ஒன்று, எழுத்தால் ஒன்று. தாயத்துக் கட்டுகிறவன்கூட இவ்வளவு யோக்கியமாகத் தன் தாயத்தின் மேலேயே "பலிக்காது" என்று எழுதுவதில்லை.

வைட்டமின் சி சேர்ந்தது என்று பெருமையாக விற்கிறார்கள். மனிதன் அதைத் தின்றுதான் ஆக வேண்டும். ஆனால் நாயின் ஈரல் அதைத் தானே செய்து கொள்கிறது. ஆழியாற்றங்கரையில் இருப்பவனுக்குத் தண்ணீர் விற்கிற கதை இது. கால்சியம் அதைவிட மோசம். பெரிய ஜாதிக் குட்டிக்கு எலும்பு பலப்பட வேண்டும் என்று மூட்டைத் தீனியும் போட்டு, அதன் மேல் கால்சியமும் ஊற்றுகிறார்கள். 1980-களில் ஹாலந்து நாட்டில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். அதிகக் கால்சியம் கொடுத்த குட்டிகளுக்குத்தான் எலும்பு கோணிற்று. அதிகம் போனால் தள்ளிவிடும் சக்தி குட்டியின் உடம்புக்கு இல்லை. வைட்டமின் டி-யும் அப்படியே. 2019-இல் அமெரிக்காவில் ஹில்ஸ் என்ற பெரிய பெயருள்ள கம்பெனியே, வைட்டமின் கலவையில் டி அளவுக்கு மேல் போய்விட்டது என்று டப்பாக்களைத் திரும்ப அழைத்தது. பெரிய பெயர் என்பதால் தப்பு நடக்காது என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஆனால் அங்கே கண்டுபிடித்தார்கள், ஊரறியச் சொன்னார்கள். அந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும் என்றுதான் கேட்கின்றோம்.

ஆச்சரியம் என்னவென்றால், மயிர் பளபளக்க மாதா மாதம் டானிக் வாங்குகிற வீட்டிலேயே நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்காது! இதோ மலைமேல் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. வெறிநாய்க் கடிக்கு மருந்து நம் வீட்டு மாடியில் இருக்கிற மாதிரி. இருந்தும் கடித்தால் மந்திரிக்கிறவனைத் தேடுகிற தோழர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. முதலில் அந்த ஊசிக்குக் காசு, பிறகுதான் பளபளப்பு.

இன்னொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. "நாயின் முன்னோர் ஓநாய். ஓநாய் தானியம் தின்னாது. ஆகையால் அரிசியும் சோளமும் விஷம். எங்கள் தானியமில்லாத தீனியை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குங்கள்" என்கிறார்கள். முன்னோர் செய்ததுதான் சரி என்கிற இந்த வாதத்தை நாம் மனிதனிடத்திலேயே ஒப்புக் கொள்ளவில்லையே, நாயிடத்தில் ஒப்புக் கொள்வோமா? நாய் மாறிவிட்டது, தோழர்களே! 2013-இல் சுவீடன் தேசத்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். மாவுச் சத்தைச் செரிக்கும் ஜீன் ஓநாயிடம் 2 பிரதிதான். நாயிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்று அதன் உடம்பே மாறியிருக்கிறது. நாய்கூடச் சனாதனத்தை விட்டுவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்களேன்! அந்தத் தானியமில்லாத தீனியில் தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறையப் போட்டார்கள். அவற்றைத் தின்ற நாய்களுக்கு இருதய வீக்கம் வருவதாகச் சந்தேகம் எழுந்து, 2018-இல் அமெரிக்க உணவு மருந்து இலாகா விசாரணை தொடங்கிற்று. தீனிதான் காரணம் என்று முடிவு கட்டப் போதிய ஆதாரமில்லை என்று 2022-இல் சொல்லிற்று. குற்றம் ருஜுவாகவில்லை, ஆகவே நாமும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் "தானியம் விஷம்" என்று சொன்னவர்கள் எந்த ருஜுவைக் காட்டி விற்றார்கள்?

"அப்படியானால் வீட்டுச் சோறே போதும், கம்பெனியே வேண்டாம்" என்று சில தோழர்கள் இப்போது தலையாட்டுகிறீர்கள். அவசரப்பட வேண்டாம். வீட்டுச் சோறு என்பதால் அதற்குத் தனி மகிமை கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் 2013-இல் வீட்டிலே செய்யும் நாயுணவுக் குறிப்புகள் 200-ஐ ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 95 குறிப்பில் ஏதாவது ஒரு சத்துக் குறைவு. வெறும் தயிர்ச் சோறு போட்டு வளர்க்கும் வீட்டு நாயைப் பாருங்கள். எங்கள் நாய் சைவம் என்று அந்த வீட்டார் பெருமைப்படுவார்கள், அதன் மயிர் கொட்டிக் கொண்டிருக்கும். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் கொல்லக் கூடியவை. நல்ல கம்பெனித் தீனி நல்ல உணவாகவே இருக்கக் கூடும், நாம் அதற்கு விரோதியல்ல. வீட்டில் ஆக்கிப் போடுகிறவர்கள் சர்க்கார் கால்நடை டாக்டரிடமோ நாமக்கல் கால்நடைக் கல்லூரியிலோ எவ்வளவு கறி, எவ்வளவு அரிசி, எவ்வளவு கால்சியம் என்று கேட்டு, அளந்து போடுங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் வாய் திறந்து கேளுங்கள். இந்த மூட்டையை எந்த ஊரில் யார் செய்தது? மாமிசம் என்றால் எந்தப் பிராணி? நைட்ரஜன் எண்ணிக்கை தவிர, அதில் எவ்வளவு செரிக்கும் என்று பார்த்தீர்களா? பூஞ்சண விஷத்திற்குச் சோதனை செய்தீர்களா, அந்தக் காகிதத்தைக் காட்ட முடியுமா? கடைக்காரர் பாவம், அவருக்குத் தெரியாது. அவர் மேல் கோபித்துக் கொள்ள வேண்டாம். மூட்டையில் கம்பெனியின் விலாசமும் டெலிபோன் எண்ணும் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பதில் சொன்னால் அந்தக் கம்பெனிக்கு மரியாதை. "எங்கள் இரகசியம்" என்றால் ஸ்பிராட் காலத்து இரகசியத்திற்கு நம் காசு எதற்கு? பத்துப் பேர் கேட்டால் எரிச்சல்படுவான். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலுமாக ஆயிரம் பேர் கேட்டால் தமிழிலேயே அச்சடிப்பான்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, வீட்டிலே நாய் வளர்க்கிற தோழர்கள் காலியான மூட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டு வாருங்கள். டானிக் பாட்டில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து, எல்லோரும் கேட்கும்படி ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லலாம். பூதக்கண்ணாடி ஒன்று நாம் கொண்டு வருகின்றோம்.